ஒத்திகை சார்

தும்மல் வந்தால்கூட அவர் உடனே தும்மிவிடமாட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைப்பார். கைக்குட்டையை எடுத்து ஒழுங்காக மடிப்பார். இந்தப் பக்கம் யார் நிற்கிறார்கள், அந்தப் பக்கம் யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பார். எல்லாம் தயாரானதும் முகட்டைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டு நிற்பார். பெரும்பாலும் அதற்குள் தும்மல் போயிருக்கும். விடமாட்டார். அது திரும்பி வரும்வரை அப்படியே நிற்பார். அவரோடு பேசிக்கொண்டிருந்தவர்களும் நிற்க வேண்டியதுதான்.

பையன்கள் அவருக்கு வைத்த பெயர் ஒத்திகை. மதுரை டவுனுக்குள் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் எடுத்தார். பையனை அடிப்பதற்கு முன்னால் பிரம்பைக் காற்றில் ஒருமுறை வீசிப் பார்ப்பார். கை சரியாக வருகிறதா என்று பார்க்கத்தான். அவர் பார்த்து முடிப்பதற்குள் பையன் வராந்தாவைத் தாண்டிப் போயிருப்பான். இருபது வருஷ சர்வீஸில் அவரிடம் ஒழுங்காக அடி வாங்கியவன் ஒருத்தனும் இல்லை என்று சொல்வார்கள்.

திருவாதவூரில் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்தது. முந்தின நாளே பஸ் ஸ்டாண்டுக்குப் போய் அந்த பஸ்ஸைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார். கண்டக்டருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"என்ன சார், ஏறலையா? வண்டி எடுக்கப்போறோம்."

"பயணம் நாளைக்குத்தான். இன்னைக்குச் சும்மா பாக்க வந்தேன்."

"பஸ்ஸுல என்ன இருக்கு பாக்க?"

"எந்தப் பக்கம் வெயில் அடிக்கும்னு பாக்கணும்ல."

மறுநாள் நிழல் பக்கமாகப் பார்த்து உட்கார்ந்தார். அன்றைக்கு மழை பெய்தது. அவர் உட்கார்ந்த பக்கத்தில் ஷட்டர் இல்லை.

இதெல்லாம் நான் பிற்பாடு கேள்விப்பட்டது. நான் அவரைப் பார்த்தபோது பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் இருந்தேன். இருந்தேன் என்றால் பகலில் அங்கே கிளாஸ் கழுவினேன், ராத்திரி அங்கேயே பெஞ்சில் படுத்தேன். அதற்கு முன்னால் லாரியில் கிளீனர். அதற்கும் முன்னால் சமயநல்லூர்ப் பக்கம் செங்கல் சூளை. இடையில் ஒரு சர்க்கஸ்காரனோடு சுற்றினேன், அவன் குதிரைக்குப் போட்ட புல்லை எனக்குப் போடாத குறைதான். படிப்பு எட்டாம் வகுப்பில் பாதியோடு நின்றது. அதில் எனக்கு வருத்தம் இல்லை, பள்ளிக்கூடத்துக்கும் இருந்திருக்காது.

எண்பத்தொன்றில் ஜனத்தொகைக் கணக்கு எடுத்தார்கள் அல்லவா, அதற்கு முந்தின வருஷம் அது. நிஜக் கணக்குக்கு முன்னால் தெருத்தெருவாகப் போய் வீட்டுக்கெல்லாம் நம்பர் போட வேண்டும். எந்த வீட்டில் எத்தனை குடும்பம், தலைவர் யார் என்று ஒரு பட்டியல் தயார் பண்ண வேண்டும். அந்த வேலை வாத்தியார்கள் தலையில் விழுந்தது. அந்த வாத்தியார்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலை இவர் தலையில் விழுந்தது. விழுந்தது என்று மற்றவர்கள்தான் பரிதாபப்பட்டார்கள். இவர் அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார். ஒரு நாடே நடக்கப்போகிற ஒரு காரியத்துக்கு ஒரு வருஷம் முன்னாலிருந்து ஏற்பாடு பண்ணுகிறது என்றால் அவருக்கு வேறு என்ன வேண்டும்.

பயிற்சி வகுப்பு பள்ளிக்கூட ஹாலில் நடந்தது. நான் டீ கொண்டுபோனேன். பல பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் பெஞ்சில் சாய்ந்து பாதி பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். இவர் மேடையில் நின்று என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"தம்பி, இங்க வா. கிளாஸைக் கீழ வை. உனக்கு வீடு இருக்கா?"

"இல்ல சார்."

"ராத்திரி எங்க படுக்குற?"

"டீக்கடை பெஞ்சுல."

"அதுக்கு முன்னாடி?"

"லாரியில. லோடுக்கு மேல."

அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. வகுப்பைப் பார்த்துத் திரும்பினார். "பாத்தீங்களா, வீடற்றவர். நேத்து நான் பாடத்துல சொன்னேன், இன்னைக்கு நேர்லயே வந்து நிக்குது. இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது."

தூங்கிக்கொண்டிருந்தவர்களும் முழித்து என்னைப் பார்த்தார்கள். அதுவரை என்னை நல்ல உதாரணம் என்று யாரும் சொன்னதில்லை. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அன்றிலிருந்து வகுப்பில் நான்தான் குடும்பம். அவர் என்னை மேடையில் உட்காரவைத்து, வாத்தியார்களை ஒவ்வொருவராக வந்து கேள்வி கேட்கச் சொல்வார். ஒருநாள் நான் விவசாயி. ஒருநாள் ரெண்டு பெண்டாட்டிக்காரன். ஒருநாள் புருஷன் ஓடிப்போன பெண். அவர் எனக்குச் சொன்ன ஒரே விதி, கேட்டதுக்கு நேராகப் பதில் சொல்லக் கூடாது.

"குடும்பத் தலைவர் யாருங்க?"

"எதுக்குக் கேக்குறீங்க? ரேஷன் கார்டுக்கா?"

"இல்லீங்க. அரசாங்கக் கணக்கு."

"வரி போடவா?"

"வரியெல்லாம் இல்லீங்க."

"அப்ப எங்களுக்கு என்ன குடுப்பீங்க?"

"ஒண்ணும் குடுக்க மாட்டோம்."

"ஒண்ணும் குடுக்காதவனுக்கு எதுக்கு நான் பேரைச் சொல்லணும்? போயிட்டு அடுத்த வாரம் வாங்க."

அந்த வாத்தியார் வியர்த்துப்போய், "சார், இவன் பதிலே சொல்ல மாட்டேங்கிறான்" என்று முறையிட்டார். "அவன் சரியாத்தான் பண்றான். தெருவுல எவன் சார் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்றான்? நீங்கதான் தயாரா வரல" என்றார் இவர்.

வகுப்பில் முக்கியமான பாடம் அடுப்பு. எது ஒரு குடும்பம் என்று எப்படித் தீர்மானிப்பது? இவர் மூன்று செங்கல்லை மேடையில் வைத்து அடுப்பு கூட்டினார். மேலே ஒரு காலி டம்ளர்.

"கூரையைப் பாக்காதீங்க. கதவைப் பாக்காதீங்க. சொந்தபந்தம் பாக்காதீங்க. ஒரே அடுப்புல சமைச்சுச் சாப்பிடுறவங்க ஒரு குடும்பம். அண்ணன் தம்பியா இருந்தாலும் அடுப்பு ரெண்டுன்னா குடும்பம் ரெண்டு. புரியுதா?"

கோரிப்பாளையத்திலிருந்து வந்த ஒரு வாத்தியார் எழுந்தார். எல்லாரும் அவரை பாய் வாத்தியார் என்றுதான் கூப்பிட்டார்கள். ஒல்லியான மனிதர். எதையும் ஒன்றுக்கு இரண்டு தடவை கேட்டுத்தான் எழுதிக்கொள்வார்.

"சார், ஒரே வீட்டுக்குள்ள புருஷனுக்கு ஒரு அடுப்பு, சம்சாரத்துக்கு ஒரு அடுப்புன்னு இருந்தா?"

பின்பெஞ்சில் யாரோ இருமினார்கள். இருமல் ஒவ்வொரு பெஞ்சாகப் பரவியது. பாய் வாத்தியார் ஒன்றும் தெரியாமல் கேட்டவர்தான், எதற்கு எல்லாரும் இருமுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார்.

இவர் டம்ளரை எடுத்து, திருப்பி வைத்து, "ரெண்டு குடும்பம்" என்றார். பிறகு அன்றைக்கு வகுப்பை முன்கூட்டியே முடித்துவிட்டார். அவர் எதையும் முன்கூட்டியே ஆரம்பிப்பார், முடித்ததை அன்றுதான் பார்த்தேன் என்று டீக்கடைக்காரர் சொன்னார்.

செங்கல்லை அவர் வீட்டில் கொண்டுபோய் வைக்கச் சொன்னார். போனேன். இரண்டு அறையும் நீளமான நடையும் உள்ள ஓட்டு வீடு. முன்னறையில் ஒரு பம்ப் ஸ்டவ், ஒரு தட்டு, ஒரு டம்ளர். சுவரில் எந்தக் கிழமை என்ன சமைக்க வேண்டும் என்று எழுதி ஒட்டியிருந்தது. நடையைத் தாண்டிப் பின்பக்கம் போனால் சார்ப்பு இறக்கி, அதில் விறகடுப்பு. மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு கிழவர் நாற்காலியில் உட்கார்ந்து அந்த வாசனையை மூக்கால் இழுத்துக்கொண்டிருந்தார். சாருடைய மாமனார். ரயில்வேயில் கார்டாக இருந்து ரிட்டயர் ஆனவர்.

"கல்லு வந்துருச்சா? களவு போச்சுன்னு நெனச்சேன்" என்றார். "தம்பி, நான் யாரு தெரியுமா? நான் செத்துப்போனவன்."

நான் கல்லைக் கீழே வைத்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்துக் கொடுத்தார். கறுப்புக் கட்டம் போட்ட இரங்கல் அட்டை. இன்னார் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார், அடக்க ஆராதனை மாலை நாலு மணிக்கு என்று அச்சாகியிருந்தது. தேதி போட வேண்டிய இடம் மட்டும் காலி.

"ரெண்டு வருஷம் முன்ன எனக்கு நெஞ்சுல சளி கட்டி ஆஸ்பத்திரியில கெடந்தேன். டாக்டர் ஒரு மாதிரி உதட்டைப் பிதுக்கியிருக்காரு. நம்ம மாப்பிள்ளை நேரா அச்சாபீஸுக்குப் போயிட்டாரு. என்னிக்குச் சாவேன்னு அவருக்குத் தெரியாது. ஆனா நாலு மணிக்கு அடக்கம்னு தெரியும். ஏன் நாலு மணி? நாலு மணிக்குத்தான் பள்ளிக்கூடம் விடும். லீவு போட வேண்டாம்ல."

"அப்புறம் என்னாச்சு?"

"என்ன ஆகும்? பொழச்சு எந்திரிச்சு வந்துட்டேன். கெட்ட மனுஷன் இல்ல தம்பி அவரு. நான் ரிக்‌ஷாவுல வந்து எறங்கினப்ப மூஞ்சியைப் பாக்கணுமே. நிச்சயம் பண்ணின கல்யாணம் நின்னுபோன மாதிரி."

உள்ளேயிருந்து அவருடைய மகள் வந்தார். பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் தையல் டீச்சர். உயரமான அம்மாள். கழுத்தில் அளவெடுக்கிற டேப் தொங்கியது. "போதும்ப்பா. வர்ற போற ஆளுக்கெல்லாம் ஒங்க சாவைப் படிச்சுக் காட்டணுமா?" என்றார். என்னைப் பார்த்து, "சாப்பிட்டியா?" என்றார். இல்லை என்றேன். எப்போது யார் கேட்டாலும் அந்தக் கேள்விக்கு என் பதில் அதுதான்.

தட்டில் சோறு வந்தது. கிழவர் குனிந்து மெதுவாக மீதியைச் சொன்னார். அட்டைக் கட்டை மகள் பீரோவில் பார்த்திருக்கிறாள். இது என்ன என்று கேட்டிருக்கிறாள். அதற்கு மாப்பிள்ளை, "எப்படியும் ஒருநாள் தேவைப்படும்ல" என்றிருக்கிறார். தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்குச் சாயந்திரமே பின்பக்கம் விறகடுப்பு ஏறிவிட்டது. அப்பாவும் மகளும் இந்த அடுப்பில். அவர் முன்னறையில் ஸ்டவ்வில். அன்றிலிருந்து அந்த அம்மாள் அவரிடம் நேராகப் பேசுவதில்லை. எதுவும் அப்பா வழியாகத்தான்.

நான் மீன் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது முன்னறையில் அவர் உப்புமா கிண்டுகிற சத்தம் கேட்டது. தீய்ந்த வாசனையும் வந்தது. அடுத்தவர் வீட்டுச் சண்டையில் எனக்குச் சோறு கிடைப்பது அது முதல் தடவை இல்லை. இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டு வாங்கினேன்.

வகுப்பு முடிந்து தெருக்களைப் பிரித்துக் கொடுத்தார்கள். எவரும் சொந்தத் தெருவை எடுக்கக் கூடாது என்று இவரே விதி போட்டிருந்தார். இவர் தெரு பாய் வாத்தியாருக்குப் போனது. அன்று சாயந்திரம் சார் டீக்கடைக்கு வந்தார். டீ சொன்னார். குடிக்கவில்லை.

"பாய் வந்து எத்தனை அடுப்புன்னு கேப்பாரு. ஒண்ணுன்னு பொய் சொல்ல முடியாது, நான்தானே சொல்லிக்கொடுத்தேன். உண்மையைச் சொன்னா ரெண்டு குடும்பம்னு ஏறிடும். இத்தனை நாளு அது வீட்டுக்குள்ள ஒரு மனஸ்தாபம். சர்க்கார் ரெக்கார்டுல ஏறிட்டா அப்புறம் அது மனஸ்தாபம் இல்ல தம்பி, அதுதான் நெசம்."

"அம்மாகிட்டப் பேசுங்க சார்."

"பேசணும். அதுக்குத்தான் வந்தேன். உனக்குப் பொம்பள மாதிரி பேச வரும்ல?"

அப்படியாகத்தான் பள்ளிக்கூடம் விட்ட பிறகு ஏழாம் வகுப்பு அறையில் நான் அவர் பெண்டாட்டி ஆனேன். ஒரு பெஞ்சு அடுப்பு. போர்டு துடைக்கிற கட்டை கரண்டி. அவர் வெளியே போய்க் கதவு வழியாக வருவார். ஒரு தாளில் வசனம் எழுதி மனப்பாடம் பண்ணியிருந்தார்.

"உன்கிட்ட ஒரு விஷயம் பேசணும்."

நான் கரண்டியால் கிண்டிக்கொண்டு, "நின்னுக்கிட்டே சொல்லுங்க. உக்காந்தா நீளும்" என்றேன்.

"அரசாங்க விதிமுறைப்படி பார்த்தால்..."

"நான் அரசாங்கத்துக்கா கழுத்தை நீட்டினேன்?"

"இரு, இரு. இதை நான் எதிர்பாக்கல." வெளியே போனார். மறுபடி வந்தார். "ரெண்டு அடுப்புன்னா ரெண்டு செலவு. மண்ணெண்ணெய் விக்கிற வெலையில..."

"நான் விறகுலல்ல சமைக்கிறேன்."

"அட, ஆமா." தாளில் அந்த வரியை அடித்தார்.

மறுநாள் வேறு வசனம். அதற்கு மறுநாள் இன்னொன்று. எல்லாவற்றிலும் நான்தான் ஜெயித்தேன். எனக்கே அலுத்துவிட்டது. "நீ கொஞ்சம் இறங்கி வாயேன்" என்று கெஞ்சினார்.

"அம்மா இறங்கி வருவாங்களா சார்?"

"வர மாட்டா."

"அப்புறம் நான் மட்டும் எதுக்கு வரணும்?"

கடைசியில் நானே ஒருநாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க சார், முடிஞ்சிரும்" என்றேன்.

"அவ அப்படிக் கேக்க மாட்டா."

"கேக்க மாட்டாங்க. அதனாலதான் நான் கேக்குறேன்."

அவர் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். பிறகு அவருடைய அப்பா செத்த கதையைச் சொன்னார். அவரும் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார்தான். மழைக்காலத்தில் திடீரென்று செத்துப்போனார். ஊரில் பெட்டி செய்ய ஆசாரி இல்லை, பலகை இல்லை, ஒன்றும் இல்லை. கடைசியில் வகுப்பிலிருந்து இரண்டு பெஞ்சைப் பிரித்து ஆணியடித்தார்கள்.

"நான் உக்காந்து படிச்ச பெஞ்சு அது. இங்க் கறை அப்படியே இருந்துச்சு. ஒரு பய பிளேடால பேரு வேற செதுக்கியிருந்தான். அந்தப் பேரோட எங்கப்பாவைக் கொண்டுபோய் வச்சோம். ஒண்ணும் தயாரா இல்லைன்னா எப்படி ஆகும்னு எனக்குத் தெரியும். அதனாலதான் அட்டை அடிச்சேன். தப்புன்னா எதைத் தப்புன்னு சொல்றது?"

"இதை அம்மாகிட்டச் சொல்லியிருக்கீங்களா?"

"இல்ல."

"இதையே சொல்லுங்க சார். வசனம் எழுத வேண்டாம்."

யோசித்தார். "வேண்டாம். நீளம் ஜாஸ்தி" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டு வந்ததும் பேசிவிடுவதாகச் சொல்லியிருந்தார். சாயந்திரம் கடைக்கு வந்தவரிடம் என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"பின்னால போனேன். அவ மீன் ஆய்ஞ்சுக்கிட்டிருந்தா."

"அதனால?"

"அடுப்புல கிண்டிக்கிட்டிருக்கிற மாதிரிதானே நாம பாத்தோம். மீன் ஆயிற மாதிரி பாக்கலையே."

பாய் வாத்தியார் வருகிற நாள் வந்துவிட்டது. நம்பர் போட அவருக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. என் கையெழுத்து கோழி கிண்டியது மாதிரி இருந்தாலும் எண் ஒழுங்காக வரும், லாரியில் நம்பர் பலகைக்கு வர்ணம் அடித்த பழக்கம். காவி டப்பாவையும் பிரஷையும் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் போனேன். வெள்ளையடித்த வீட்டுக்காரிகள், "இப்பத்தானப்பா சுண்ணாம்பு பூசினேன், எழவு, கதவுக்குப் பின்னாடி போடேன்" என்றார்கள். வெள்ளையடிக்காத வீட்டுக்காரிகள், "நல்லா பெருசா போடு தம்பி" என்றார்கள்.

சார் வீட்டுக்கு வந்தபோது அவர் வாசலில் நின்றார். தேய்த்த சட்டை, மழுமழுவென்று சவரம், காதோரம் பவுடர். மாப்பிள்ளை பார்க்க வந்தவர்களுக்கு முன்னால் நிற்கிற மாதிரி இருந்தது. நடைக்கு அந்தப் பக்கம் கரண்டியோடு அந்த அம்மாள் நின்றார். அவருக்குப் பின்னால் நாற்காலியில் கிழவர்.

பாய் வாத்தியாருக்கு இந்நேரம் எல்லாம் தெரிந்திருந்தது. பேனாவைத் திறந்துகொண்டு தரையைப் பார்த்தார். "சார், ஒங்க வீட்டுல வந்து நான் கேள்வி கேக்குறதாவது. ஒரு குடும்பம்னு போட்டுட்டுப் போயிர்றேன். ஒருத்தரும் வந்து பாக்கப்போறதில்ல."

சார் வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும், அவர் பயந்தது நடக்காது. இத்தனை நாள் அந்த அம்மாளாக இருந்து பார்த்தவன் என்பதால் எனக்கு இன்னொன்றும் தெரிந்தது. எரிகிற அடுப்பை எழுத்தில் இல்லை என்று ஆக்கினால் அந்த நடைக்கு அந்தப் பக்கம் இனி சார் போகவே முடியாது. அப்பாவை ஏற்கெனவே அச்சில் முடித்தவர், மகளையும் முடித்ததாக ஆகிவிடும். சார் என்ன செய்கிறார் என்று அந்த அம்மாள் பார்த்துக்கொண்டு நின்றார்.

பாய் வாத்தியாரின் பேனா தாளைத் தொட்டது.

"போடாதீங்க பாய்" என்றார் சார். "பின்னால ஒரு அடுப்பு இருக்கு. போய்ப் பாத்துட்டு எழுதுங்க."

பாய் வாத்தியார் நடை வழியாகப் போனார். நானும் டப்பாவோடு போனேன். சார் எங்களுக்குப் பின்னால் வந்து நடையின் முடிவில் நின்றுகொண்டார். பாய் வாத்தியார் அடுப்பைப் பார்த்தார், பானையைப் பார்த்தார், அந்த அம்மாளிடம், "இந்தக் குடும்பத்துக்குத் தலைவர் யாரும்மா?" என்று கேட்டார்.

"அப்பாதான்."

"பெரியவர் பேரு?"

"பேரு கெடக்கட்டும்" என்றார் கிழவர். "மொதல்ல நான் இருக்கேனா இல்லையான்னு ஒங்க சாரைக் கேட்டுக்கங்க. அவுக கணக்குல நான் போயி ரெண்டு வருஷமாச்சு. அப்புறம் கணக்கு இடிக்கும்ல."

பாய் வாத்தியார் எதையும் ஒன்றுக்கு இரண்டு தடவை கேட்கிறவர் என்றேனே. கிழவர் நையாண்டி பண்ணுகிறார் என்று அவருக்குப் பிடிபடவில்லை. கேட்கச் சொன்னார்கள், கேட்டுவிட்டார். திரும்பிச் சாரைப் பார்த்து, "சார், இவுக இருக்காங்களா?" என்றார்.

சாருடைய கை சட்டைப் பைக்குப் போனது. வசனத் தாள் அங்கேதான் இருக்கும். எடுக்கவில்லை. அதில் இதற்குப் பதில் இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"இருக்காரு" என்றார். "நான்தான் அவசரப்பட்டு... எங்கப்பாவுக்கு ஆன மாதிரி ஆயிரக் கூடாதுன்னு... இல்ல, அது கெடக்கட்டும். நான் பண்ணினது தப்பு. அவரு இருக்காரு. நல்லா இருக்காரு. எழுதிக்கங்க."

கிழவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு, "நாலு மணிக்கு மேலயும் இருப்பேன்னு எழுதுங்க" என்றார்.

அந்த அம்மாள் அடுப்புப் பக்கம் திரும்பி ஒரு விறகை உள்ளே தள்ளினார். புகை வந்தது, கண்ணைத் துடைத்தார். புகைக்காகவும் இருக்கலாம். "ஒங்க அப்பாவுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக நேராக அவரிடம்.

"அது கொஞ்சம் நீளம்" என்றார் சார்.

"அப்ப உக்காந்து சொல்லுங்க. மத்தியானம் இங்க சாப்பிடுறதுன்னா இப்பவே சொல்லிடணும். அரிசி இன்னும் போடல."

சார் என்னைப் பார்த்தார். நான் பல நாள் அந்த அம்மாளாகப் பேசியிருக்கிறேன், இந்த வசனத்தை ஒருநாளும் பேசியதில்லை. நான் காவி டப்பாவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சாப்பிடுறேன்" என்றார்.

பாய் வாத்தியார் எழுதுகிறதை நிறுத்தியிருந்தார். "சார், அப்ப இதை ஒண்ணுன்னு போடவா, ரெண்டுன்னு போடவா?"

"ரெண்டுன்னே போடுங்க. இன்னைக்கு நான் விருந்தாளி. விருந்தாளியை அந்த வீட்டுக் கணக்குல சேக்கக் கூடாது."

பாய் வாத்தியார் இரண்டு என்று எழுதினார். நான் முன்பக்கம் வந்து வாசல் நிலைக்குப் பக்கத்தில் நம்பர் போட்டேன். போட்டு முடித்துத் திரும்பிப் பார்த்தேன். உள்ளே அந்த அம்மாள் அரிசியை அப்போதுதான் முறத்தில் கொட்டிக் கல் பொறுக்க ஆரம்பித்திருந்தார். சார் தொட்டிப் பக்கம் நின்று, சாப்பிடுவதற்குக் கை கழுவிக்கொண்டிருந்தார்.